வீட்டுப்பாட நேரத்து எரிச்சல்: எங்கே தொடங்குகிறது, எப்படி இறக்குவது?

மாலைத்தென்றல் (கேள்வி)

வணக்கம். பையன் நாலாம் வகுப்பு. நாலரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். வேலை முடிந்து நான் வீடு சேர ஏழாகும். ஏழரைக்குக் கணக்கு நோட்டைத் திறந்தால், எட்டேகாலுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருப்போம், இன்னொருவர் அழுதுகொண்டிருப்போம். பெரும்பாலும் வகுத்தல் கணக்கில்தான் இது நடக்கிறது. நேற்று சரியாகப் போட்டதை இன்று தப்பாகப் போடுகிறான். வீட்டில் மாமனாரும் இருக்கிறார். "இதுகூடத் தெரியாதா?" என்று பக்கத்திலிருந்து அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாமே கெட்டுவிடும்.

பொறுமையாக இருங்கள் என்று சொல்ல வேண்டாம், அது எனக்கே தெரியும். ஆபீஸில் இதைவிடப் பெரிய சிக்கல்களுக்கு வராத எரிச்சல் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் வருகிறது? ஏறும்போது அந்த நிமிடத்தில் உருப்படியாக என்ன செய்வது? பையனுக்கு வரும் எரிச்சலை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிழல்தரு

மேடம், உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். காரணம் புரியாமல் செய்யும் மூச்சுப் பயிற்சி ரொம்ப நாள் தாங்காது.

ஓர் எதிர்பார்ப்பு இருந்து அதன் குறுக்கே ஒரு தடை வந்தால் எரிச்சல் பிறக்கும். 1939-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டொலார்டும் அவருடைய சகாக்களும் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்: தடை ஏற்பட்டால் ஆக்ரோஷம் வரும். 1989-இல் லியோனார்ட் பெர்கோவிட்ஸ் அதைத் திருத்தினார். ஆக்ரோஷத்தைத் தூண்டுவது தடை தரும் மனக்கசப்பு. எதிர்பாராமல் வந்த தடை என்றால் கசப்பு இன்னும் கூடும் என்றார். வெக்கை, வலி போன்றவை தரும் கசப்பும் அதே வேலையைச் செய்யும். ஆகவே ஏழரை மணிக்கு நீங்கள் நோட்டைத் திறக்கும்போது பஸ் நெரிசலும் மத்தியானத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாத வயிறும் ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருக்கும். மீதியைக் கணக்கு செய்கிறது. ஆபீஸில் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தே போகிறோம். வீட்டில் நாலாம் வகுப்புக் கணக்கில் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

உங்கள் எதிர்பார்ப்பில் இரண்டைச் சோதித்துப் பாருங்கள். "இது சுலபம்" என்பது முதலாவது. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்பவர் செய்த சோதனை இதற்கு நேராகப் பொருந்தும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். 120 பாட்டில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுபவர் காதுக்குள் முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். வகுத்தல் தெரிந்த நமக்கும் அது தெரியாத பிள்ளைக்கும் நடுவில் இருப்பது அதே இடைவெளிதான். பிள்ளை வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறான் என்று தோன்றும் நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"எட்டரைக்குள் முடித்துவிடலாம்" என்பது இரண்டாவது. முடிவுக்குப் பக்கத்தில் வரும் தடை, தொடக்கத்தில் வரும் அதே அளவு தடையைவிட அதிகம் எரிச்சலூட்டும். ஆறு கணக்கில் கடைசியிலோ அதற்கு முந்தினதிலோ குரல் ஏறுவது அதனால்தான். கஷ்டமான கணக்கைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஒரு சுலபக் கணக்கு, அடுத்து கஷ்டமானது, அதன்பின் மீதி என்று வரிசையை மாற்றுங்கள்.

இனி அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது. கத்துவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும்: தாடை இறுகும், கேள்விகள் வேகமாக வரும், கை பிள்ளையின் பென்சிலுக்குப் போகும். நம்பிப் பயன்படுத்தக்கூடிய அறிகுறி பென்சில்தான், அது கண்ணுக்குத் தெரிவது. முன்கூட்டியே ஒரு வரி எழுதி வையுங்கள்: "பென்சிலுக்குக் கை போனால், கையை மடியில் வைத்து மூச்சை விடுவேன்." "இன்று கத்தமாட்டேன்" என்ற பொதுத் தீர்மானத்தைவிட, "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று இடம் குறித்த தீர்மானம் நன்றாக நிற்கும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகளில் உறுதியானது.

மூச்சு: மூக்கால் 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே. ஆறு சுற்று என்றால் ஒரு நிமிடம். பெரிதாக இழுத்து அடக்கி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு, அப்படிச் செய்தால் படபடப்பு கூடும். அமைதிப்படுத்துவது வெளிவிடும் மூச்சின் நீளம்.

அதிலும் இறங்கவில்லை என்றால் எழுந்து போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்: "தண்ணி குடிச்சிட்டு வரேன், அஞ்சு நிமிஷம். நீ அதுக்குள்ள இந்த முள் ஒன்பதுக்கு வருதான்னு பாரு." சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். சொல்லாமல் எழுந்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுக்கக் கூடாது. ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜைப் பார்த்தால் இறங்கியது திரும்ப ஏறிவிடும்.

கத்தியே விட்டால்? அன்றிரவே சரிசெய்யுங்கள், ரொம்ப நீட்டாமல்: "அம்மா கத்திட்டேன். அது உன் தப்பு இல்ல. இந்தக் கணக்கை நாளைக்குப் பார்ப்போம்." இதன் பின்னால் "நீ ஒழுங்கா போட்டிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்" என்று ஒட்டினால் முதலில் சொன்னது செல்லாது.

---

கரும்பலகை

நண்பர் மனதின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் வகுத்தலின் பக்கத்தைச் சொல்கிறேன். பாதி எரிச்சல் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

நாலாம் வகுப்பில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. 612 ÷ 6. பிள்ளை 12 என்று எழுதுவான். ஆறில் ஆறு ஒரு தடவை, 1. அடுத்து 1-இல் ஆறு போகாது, பக்கத்து 2-ஐ இறக்கு, 12-இல் இரண்டு தடவை. எல்லாப் படியும் அவன் அளவில் சரி. "போகாது" என்ற இடத்தில் ஈவில் 0 எழுத வேண்டும் என்பது மட்டும் விடுபட்டது. இதைப் பார்த்து "கவனமே இல்ல" என்று சொன்னால் அவன் மறுபடியும் அதே படிகளைச் செய்து அதே 12-க்கு வருவான். அவனுக்குத் தப்பு எங்கே என்று தெரியாது, நமக்கு அவன் கேட்கவில்லை என்று தோன்றும். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

திருத்தும் வழி இது. ஆறு நூறு ரூபாய்த் தாள், ஒரு பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். நிஜப் பணம் வேண்டாம், காகிதத் துண்டில் எழுதிக்கொள்ளலாம். ஆறு பேருக்குப் பிரி என்று கொடுங்கள். ஆளுக்கு ஒரு நூறு போகும். ஒரு பத்தை ஆறு பேருக்குக் கொடுக்க முடியுமா? முடியாது. அப்போது ஆளுக்கு எத்தனை பத்து? "ஒண்ணும் இல்ல" என்பான். அந்த "ஒண்ணும் இல்ல"வை ஈவில் எழுதச் சொல்லுங்கள். அதுதான் 0. பிறகு அந்தப் பத்தைச் சில்லறையாக மாற்றினால் மொத்தம் 12 ஒரு ரூபாய், ஆளுக்கு 2. விடை 102. அவன் கையாலேயே பிரித்த பிறகு நோட்டில் போடச் சொல்லுங்கள். இரண்டு கணக்காவது இப்படிப் பிரித்துப் பார்த்தபின் தாள் இல்லாமல் போடட்டும்.

தொடங்கும் முன் உத்தேச விடை கேட்கும் பழக்கமும் வேண்டும். 600-ஐ ஆறால் வகுத்தால் 100. அப்படியானால் 612-க்கு நூறுக்கு மேலேதான் வரும். 12 என்று வந்தால் அவனே நின்றுவிடுவான். நாம் "தப்பு" என்று சொல்வதற்கும் அவனே கண்டுபிடிப்பதற்கும் எரிச்சலில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு காரணம் வாய்ப்பாடு. ஆறாம் வாய்ப்பாடு உறுதியாக வராத பிள்ளை, 6 × 7 எவ்வளவு என்று தேடும் நேரத்தில் வகுத்தலில் எந்தப் படியில் இருந்தோம் என்பதை மறந்துவிடும். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கும் விஷயங்கள் மூன்று நான்குக்கு மேல் போகாது, பெரியவர்களுக்கே அவ்வளவுதான். அதனால் வகுத்தல் படிக்கும் வாரங்களில் வாய்ப்பாட்டை அட்டையில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அது காப்பியடிப்பது ஆகாது. வாய்ப்பாட்டை வேறு நேரத்தில், நோட்டு இல்லாமல், வாய்மொழியாகச் சொல்ல வைக்கலாம்.

"நேற்று தெரிந்தது இன்று மறந்துவிட்டது" என்பது சோம்பேறித்தனம் இல்லை. புதிதாகப் படித்தது ஒரு ராத்திரியில் கொஞ்சம் கரைவது இயல்பு. புதுக் கணக்குக்கு முன் நேற்றைய கணக்கில் ஒன்றை மட்டும், உதவி இல்லாமல், போடச் சொல்லுங்கள். திணறினால் முதல் படியை மட்டும் காட்டுங்கள். திணறித் திணறி நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சிதான் மறதியைக் குறைக்கிறது.

பையனின் எரிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். அழுவதற்கு முன்னால் ரப்பரைக் கவனியுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழித்துத் தாள் மெலிந்து, கிழியும் அளவுக்கு வந்தால் அவனால் அதற்கு மேல் முடியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள், ஏறாது. அதே மாதிரி ஒரு கணக்கை நீங்களே பக்கத்தில் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். அடுத்ததைப் பாதி போட்டுக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அதற்கடுத்தது அவனுடையது. "இவ்வளவு ஈஸி" என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது. ஈஸியான ஒன்று தனக்கு வரவில்லை என்றால் தான் மக்கு என்றுதான் பிள்ளை கணக்குப் போடும்.

---

அனல்காற்று

எல்லாம் சரி, ஆனால் கோபத்தை உள்ளே அடக்கி வைத்தால் உடம்புக்குக் கேடு. மொட்டை மாடிக்குப் போய் நாலு கத்து கத்திவிட்டு, தலையணையை நாலு குத்து குத்திவிட்டு வந்தால் தானாக இறங்கிவிடும். இல்லையென்றால் தெருவில் இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு வரலாம்.

---

நிழல்தரு

சார், இந்த யோசனை ரொம்பப் பேர் சொல்வது, ஆனால் சோதித்துப் பார்த்ததில் நிற்கவில்லை. 2002-இல் அமெரிக்காவில் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: மூச்சு, தியானம், தசைகளைத் தளர்த்துவது போல உடலின் வேகத்தைக் குறைப்பவை கோபத்தைக் குறைத்தன. வேகத்தைக் கூட்டுபவை குறைக்கவில்லை. ஓட்டம் கோபத்தைக் கூட்டவும் செய்தது. காலையில் ஓடுவது உடம்புக்கு மிக நல்லது, அதை விடச் சொல்லவில்லை. எட்டு மணிக்கு வந்த கோபத்துக்கு அது மருந்து இல்லை.

அடக்கி வைப்பதையும் நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் அடக்குவது. அது பத்து நிமிடத்தில் இரண்டு மடங்காக வெளியே வரும். "எனக்கு இப்ப எரிச்சலா இருக்கு, ஒரு நிமிஷம்" என்று பிள்ளையிடமே சாதாரணக் குரலில் சொல்வது வேறு. உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொன்னாலே அதன் வேகம் கொஞ்சம் தணியும். எரிச்சல் வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் அவன் பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

---

செவ்வந்தி

சிறப்புக் கல்வி பக்கமிருந்து சில விஷயங்கள். முதலில் அளவு. 2020-இல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப்பை கொள்கையின்படி இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் தினம் 24 நிமிடம். (ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இலேயே சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.) உங்கள் வீட்டில் ஏழரையிலிருந்து எட்டேகால் வரை கணக்கு மட்டுமே 45 நிமிடம் போகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகம்.

அதனால் கடிகாரத்தை வைத்து நிறுத்துங்கள், கணக்கின் எண்ணிக்கையை வைத்து அல்ல. கணக்குக்கு 20 நிமிடம். முடியாததை டைரியில் எழுதி அனுப்புங்கள், இப்படி: "20 நிமிடம் முயன்றான். 6-இல் 4 முடித்தான். ஈவில் பூஜ்ஜியம் வரும் இடத்தில் தவறுகிறது." டீச்சருக்கு இது மிகவும் பயனுள்ள தகவல். அம்மா உட்கார்ந்து ஆறையும் போட வைத்து அனுப்பினால், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்றுதான் வகுப்பில் நினைப்பார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பார்த்து எழுதுவது, படிப்பது போன்ற, உதவி தேவைப்படாத வேலைகளை ஐந்தரை மணிக்கு அவனே முடிக்கட்டும். ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்பாடு, குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடி விளையாட்டு, பிறகு நோட்டு. நீங்கள் வந்ததும் உடனே உட்காராதீர்கள். கை கால் கழுவி, சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிட்டு, கால் மணி கழித்து உட்காருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்புவீர்கள் என்றால் ராத்திரி ஒன்பதரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளை பெரியவர்கள் மாதிரி சோர்ந்து போகாமல் துள்ளும், அடம் பிடிக்கும். அதைப் பார்த்துச் சேட்டை என்று தப்பாக நினைக்கிறோம்.

விடையை நீங்கள் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை கூடும். முன்பு அழுதால் விடை கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை, அதனால் இன்னும் பலமாக அழுது பார்ப்பான். முறை தோற்றுவிட்டது என்று பல பெற்றோர் விட்டுவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். அழுகை உச்சத்தில் இருக்கும்போது விடையைக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை அந்த உச்சத்திலிருந்தே தொடங்குவான். எழுத உதவுங்கள், பக்கத்தில் இருங்கள், விடையை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். போர்டு தெரியாத பிள்ளை அதை வாய் திறந்து சொல்லாது, தப்பாக எழுதிக்கொண்டு வரும். அடுத்தது காது. அதற்கும் பிறகு, இந்த வயதிலும் எழுத்தையோ எண்ணையோ திருப்பிப் போடுவது, 5-ஐயும் 8-ஐயும் கூட்ட இன்னும் விரலே தேவைப்படுவது, ஒரு பத்தி படிக்க ரொம்ப நேரம் ஆவது எல்லாம் தொடர்ந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வரும் சிக்கல்) 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது, சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

எரிச்சல் வீட்டுப்பாட நேரத்தோடு நிற்காமல் நாள் முழுக்க இருந்து, தூக்கம் கெட்டு, கை ஓங்கும் அளவுக்குப் போகிறது என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

---

மாலைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. 612 கணக்கு அப்படியே எங்கள் வீட்டு நோட்டு. ஒன்று மட்டும் பாக்கி: மாமனார். அவரிடம் "நீங்க பேசாதீங்க மாமா" என்று சொல்ல முடியாது. சொன்னால் வேறொரு பிரச்சினை தொடங்கும்.

---

கரும்பலகை

சொல்ல வேண்டியதில்லை, அம்மா. அவருக்கு வேறு பொறுப்பைக் கொடுங்கள். பேரனுக்குக் கணக்கு வர வேண்டும் என்ற அக்கறையில்தான் அவரும் பேசுகிறார்.

வாய்ப்பாடும் மனக்கணக்கும் அவருடையதாகட்டும். ஆறு மணிக்குக் கடைக்குப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போகட்டும். "முப்பத்தாறு ரூபாய்க்குப் பால், அம்பது ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவு? ஆறு முட்டை நாற்பத்திரண்டு ரூபாய்னா ஒண்ணு எவ்வளவு?" என்று வழியில் கேட்டால் அது வகுத்தலுக்கான பயிற்சிதான், நோட்டு இல்லாததால் பையனுக்குப் பயமும் இருக்காது. அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "மாமா, ஆறாம் வாய்ப்பாடும் ஏழாம் வாய்ப்பாடும் இவனுக்கு உறுதியா வரலை. நான் வர்றதுக்குள்ள நீங்க தினம் கொஞ்சம் சொல்ல வச்சா எனக்கு ராத்திரி சுலபமா இருக்கும்." பழைய ஆட்களுக்கு மனக்கணக்கு நன்றாக வரும், சந்தோஷமாகவே செய்வார்கள். தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லாமல் முந்தின வரியிலிருந்து மறுபடி சொல்ல வைக்கச் சொல்லுங்கள்: ஆறாறு முப்பத்தாறு, அப்புறம் ஆறேழு?

ராத்திரி அந்த 20 நிமிடம் நோட்டை ஹாலில் டிவிக்கு எதிரே வைக்காமல் உள் அறைக்கு மாற்றிவிடுங்கள். அவர் செய்தி பார்க்கும் நேரமாக இருந்தால் இன்னும் வசதி. முடிந்ததும் சரியாக வந்த கணக்கு ஒன்றைப் பையனே எடுத்துக்கொண்டு போய்த் தாத்தாவிடம் காட்டட்டும்.